எங்கிருந்து அளந்த உயரம்?

பல ஆண்டுகளுக்கு முன்னர், இரவுப் பணியின்போது, செய்தி நிறுவனமொன்று அனுப்பிய ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்க வான்பரப்பில் விமானமொன்று 'ஃபிளைட் லெவல் 180' இல் பறந்ததாக அதில் இருந்தது. பக்கம் அச்சுக்குப் போகும் அவசரம். '180 அடி உயரத்தில்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் இளைப்பாறிய விமானியொருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, 180 அடியில் பறந்தால் தென்னைமரத்துத் தேங்காயை எண்ணிக்கொண்டு போகலாம்" என்றார். பின்னர் பொறுமையாக விளக்கினார். 180 என்பதோடு இரண்டு பூச்சியங்களைச் சேர்க்கவேண்டும், 18,000. ஆனால் அதுவும் கடல்மட்டத்திலிருந்து அளந்த 18,000 அடி அல்ல என்றார். அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது.

விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றமுக்கத்தையே அளக்கிறது. மேலே செல்லச் செல்ல அமுக்கம் குறையும். அக்குறைவை அடியாக மாற்றிக் காட்டுகிறது. கடல்மட்ட அமுக்கமோ இடத்துக்கிடம், நாளுக்குநாள் மாறும். ஆகவே தரைக்கு அருகில் பறப்பவர் அவ்விடத்து அமுக்கத்தை மானியில் பொருத்துவார். அப்போதுதான் மானியின் உயரம் வரைபடத்திலுள்ள மலையின் உயரத்தோடு ஒத்துவரும்.

உயரே சென்றபின் மலை பிரச்சினையல்ல. மற்ற விமானமே பிரச்சினை. எனவே அங்கே எல்லோரும் 1013.25 ஹெக்டோபஸ்கால் என்ற ஒரே அளவைப் பொருத்துகின்றனர். மானி காட்டுவது மெய்யான உயரம் அல்லாமலிருக்கலாம். ஆயினும் பிழை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் விமானங்களுக்கிடையிலான இடைவெளி காக்கப்படுகிறது. ஏறும்போது இந்த மாற்றத்தைச் செய்யும் இடம் 'மாறும் உயரம்'. இறங்கும்போது மீண்டும் உள்ளூர் அமுக்கத்துக்குத் திரும்பும் இடம் 'மாறும் மட்டம்'.

இந்த எல்லை உலகெங்கும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் 18,000 அடி, ஜப்பானில் 14,000, நியூஸிலாந்தில் 13,000, அவுஸ்திரேலியாவில் 10,000. ஜேர்மனியில் பொதுவாக 5,000. லண்டனைச் சுற்றி 6,000. பிரித்தானியாவின் வேறு பல பகுதிகளில் 3,000. அலஸ்காவைத் தவிர்த்த அமெரிக்க நிலப்பரப்பின் மிக உயர்ந்த சிகரமான விட்னி மலை 14,505 அடி என்பதை நினைத்தால் 18,000க்கு ஒரு நியாயம் தெரிகிறது. ஆனால் அல்ப்ஸ் மலைகள் நிற்கும் ஐரோப்பாவில் எல்லை இவ்வளவு தாழ்வாக இருப்பதற்கு மலைக்கணக்கு மட்டும் விடை தராது. ஒவ்வொரு நாடும் தன் வழக்கத்தைத் தானே வளர்த்துக்கொண்டது.

நியூயோர்க்கில் ஏறும் விமானி 18,000 அடியில் மானியை மாற்றுகிறார். லண்டனில் இறங்கும்போது, வேகத்தைக் குறைத்து, திசையைத் திருப்பி, தரையிறங்கும் ஆயத்தங்களில் மூழ்கியிருக்கும் வேளையில் அதே வேலை மீண்டும் வருகிறது. மறந்தாலும் ஆபத்து, தவறான எண்ணைப் பொருத்தினாலும் ஆபத்து.

2022 மே 23 அன்று பாரிஸ் சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்தை நெருங்கிய ஏ320 விமானமொன்றுக்கு இரண்டாவது வகைத் தவறு நேர்ந்தது. உள்ளூர் அமுக்கம் 1001. கட்டுப்பாட்டாளர் சொன்னதோ 1011. தரைக்கு அருகில் ஒரு ஹெக்டோபஸ்கால் ஏறத்தாழ 28 அடிக்குச் சமம். ஆகவே மானி காட்டியதைவிட விமானம் ஏறத்தாழ 280 அடி தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுபாதை கண்ணில் படாததால் விமானிகள் மீண்டும் மேலெழும்பினர். அப்போது விமானம் தரையிலிருந்து வெறும் 6 அடி உயரம்வரை வந்துவிட்டதாகப் பிரெஞ்சு விசாரணை அறிக்கை கூறுகிறது. ஓடுபாதை இன்னும் ஒரு மைலளவு தூரத்தில் இருந்தது.

அந்த அறிக்கையைப் பற்றி வாசித்தபோது பழைய தொலைபேசிக் குரல் நினைவுக்கு வந்தது. ஒரு எண்ணைக் கண்டால் 'எங்கிருந்து அளந்தது?' என்று கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்தவர் அவர். எனது 180 அடிக்கு, மறுநாள் உள்பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போதுமாயிருந்தது.