கொல்லிமலையிற் குழந்தைகளோடு பயின்ற நாட்கள்

இளங்குழந்தைகட்குக் கல்வி புகட்டுதல் எளிதென எண்ணுவோர் நம்முட் பலர். உயர்வகுப்பிற் கற்பிப்பவர்க்குப் பட்டமும் ஆராய்ச்சியும் வேண்டும். தொடக்கப் பள்ளியிற் கற்பிப்பவர்க்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையோடு தரையிலமர்ந்து பாடுபவளுக்கு நல்ல குரலும் சிறிது பொறுமையும் போதுமென்பது உலகினர் கொள்கை. மனையியல் பயிலும் மாணவியராகிய யாமிருவரும் குழந்தை வளர்ச்சிப் பாடத்தின் செய்முறைப் பயிற்சிக்கெனச் சென்ற கார்த்திகை மாதத்திற் கொல்லிமலைக்கு அனுப்பப்பட்டபோது, எம் உறவினரும் ஏறக்குறைய இதனையே கூறினர். "பிள்ளைகளோடு விளையாடத்தானே போகிறீர்கள்" என்றார் ஒரு மாமா. ஆறு வாரம் யாம் விளையாடியது உண்மையே. அவ்விளையாட்டு எத்தகையது என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கட்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. 1997-ம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்படும்வரை சேலத்தோடு இணைந்திருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியினின்று எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து சோளக்காட்டை அடைகிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பாடப்புத்தகத்திற் படித்தவர்கட்கு அங்கே முதலிற் காண்பது வில்லன்று, குளிரே. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர்; பெயர் கேட்டு மயங்கற்க, இவர்கள் கேரள நாட்டினரல்லர், தமிழ் பேசுவோர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பல நாடுகளாக மலை பகுக்கப்பட்டுள்ளது. முன்னாளிற் சாமையும் தினையும் கேழ்வரகும் மிகுதியாக விளைந்த சரிவுகளில் இப்பொழுது மரவள்ளியும் காப்பியும் மிளகும் பரந்து நிற்கின்றன. பயிர் மாறியதனாற் பெண்களின் வேலைநாளும் மாறியது. அதன் விளைவை யாம் குழந்தைப் பள்ளியின் சன்னலிற் கண்டோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இம்மலையிற் குழந்தைகளைப் பேணிய வரலாறு புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து தங்கிய ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியர் மருந்தும் பள்ளியும் கொணர்ந்தனர். கணவர் 1929-ல் இங்கேயே காய்ச்சலால் இறந்தார். தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் அவர்களின் மகன். ஒன்பது வயதுவரை இம்மலையில் ஓடியாடி வளர்ந்தவர். இன்று பணி அரசினருடையது. 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ்ச் சிற்றூர்தோறும் அங்கன்வாடி உண்டு. மலையினர் இன்னும் 'பால்வாடி' என்றே சொல்கின்றனர். பால் ஊற்றும் இடமென்று பலர் கருதுவர். மராத்தியிற் பால் என்பது குழந்தையைக் குறிக்கும்; அச்சொல்லோடு தொடர்புடைய அம்மையார் ஒருவரைப் பற்றியும் கீழே கூறவேண்டியிருக்கும்.

எமக்கு வாய்த்த நிலையம் ஓரறையும் ஒரு சமையற்கட்டும் உடையது. பெயர்ப்பதிவேட்டில் இருபத்திரண்டு குழந்தைகள். ஆசிரியை பல்லாண்டு அனுபவமுடையவர். பிள்ளைகட்கு 'டீச்சர்', எமக்கு அக்காள். உதவியாளராகிய மூதாட்டியை எல்லோரும் 'ஆயா' என்றனர். முதல் நான்கு நாளும் அக்காள் எமக்கு யாதொரு வேலையும் தரவில்லை. மூலையில் அமர்ந்து பார்க்கவும், பார்த்ததை எழுதவும் மட்டும் பணித்தார். கல்லூரியிற் பாட்டும் கதையும் பொம்மையும் பைநிறைய ஆயத்தம் செய்து சென்ற எமக்கு இது சற்றுக் கசந்தது.

நாளடைவில் அதன் காரணம் புலப்பட்டது. காலை பனிமூட்டத்தில் தாய்மார் பிள்ளைகளைப் போர்த்திக் கொணர்வர். வாயிலில் வந்ததும் குழந்தை தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு அழும். அழும் பிள்ளையைப் பிடுங்கி உள்ளே தூக்கிச் செல்வதே வேகமான வழி. அக்காள் அதைச் செய்வதில்லை. வாயிற்படியில் தாமும் அமர்வார். தாயோடு காப்பி விலையைப் பற்றியோ, ஆட்டைப் பற்றியோ பேசுவார். குழந்தையை ஏறிட்டும் பாரார். கையில் மட்டும் நாலைந்து புங்கங்காய் இருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார், அவை சரியும், மீண்டும் அடுக்குவார். மூன்றாம் முறை சரியும்பொழுது குழந்தை சேலையை விட்டுவிட்டு ஒரு காயை எடுத்து வைக்கும். தாய் அப்பொழுது குழந்தை காணவே, அதனிடம் சொல்லிக்கொண்டு போவாள். ஒளிந்து போதலை அக்காள் ஒருநாளும் அனுமதித்ததில்லை. ஒளிந்து போன தாயைத் தேடும் பிள்ளை மறுநாள் இருமடங்கு அழும் என்பது அவர் கூற்று. இதனை எழுதியவாறே எமது குறிப்பேட்டிற் பல பக்கங்கள் நிரம்பின. யாம் படித்த உளநூற் பாடம் ஒன்று அவ்வாயிற்படியில் நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

பிற பயிற்சிகளைச் சுருங்கக் கூறுவோம். மாதந்தோறும் குழந்தைகளைத் தராசில் எடை பார்த்து வளர்ச்சி வரைபடத்திற் புள்ளியிடக் கற்றோம். புள்ளி பச்சையில் விழுந்தால் நலம். மஞ்சளில் விழுந்தால் கவனம் வேண்டும். அதற்கும் கீழாயின் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஒரு புள்ளியைக்காட்டிலும் புள்ளிகளை இணைக்கும் கோடு எத்திசையிற் செல்கிறதென்பதே முக்கியமென்று அக்காள் பலமுறை வற்புறுத்தினார். 2021-ம் ஆண்டு முதல் இக்கணக்குகளையெல்லாம் 'போஷன் டிராக்கர்' என்னும் கைபேசிச் செயலியிலும் ஏற்றவேண்டும். 'டவர்' கிட்டாத ஊராதலின், அக்காள் மாலையில் மேட்டுக்கு ஏறி நின்று அதனைச் செய்வார். விளையாட்டுப் பொருள்களுள் வண்ணக் கட்டைகள் இருந்தன. எனினும் பிள்ளைகள் விரும்பியது முறத்திற் கலந்து வைத்த தானியங்களைப் பிரிப்பதே. சாமையையும் தினையையும் நாலு வயதுச் சிறுமி பிரித்த விரைவில் எம்மாற் பிரிக்க இயலவில்லை. புகைவண்டிப் படம் காட்டியபோது, "பஸ்ஸு நீளமா இருக்கு" என்றான் ஒரு சிறுவன். தண்டவாளமே இல்லாத மலையில் இதனைவிடச் சிறந்த விடை வேறென்ன இருத்தல் கூடும்?

இனிச் சன்னலுக்கு வருவோம். இரண்டாம் வாரத்தில், பாட்டு வேளைகளில் சன்னற் கம்பிக்கு வெளியே ஒரு முகம் தோன்றுவதைக் கண்டோம். எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி. இடுப்பில் ஒன்றேகால் வயதுத் தம்பி. உள்ளே யாம் கற்பித்த பாட்டைப் பதிவேட்டுப் பிள்ளைகள் தடுமாறிக்கொண்டிருக்க, அவள் முற்றும் அறிந்திருந்தாள். கேட்டபொழுது, நான்காம் வகுப்பிற் பெயர் இருப்பதாகவும், அம்மா காப்பிப்பழம் பறிக்கப் போயிருப்பதாகவும், பறிப்பு முடிந்ததும் பள்ளிக்குப் போவதாகவும் சொன்னாள். பள்ளி இரண்டு கிலோமீட்டர் தொலைவு. ஆறு முதற் பதினான்கு வயது வரை கல்வி குழந்தையின் உரிமையென 2009-ம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அவ்வுரிமை ஒரு கைக்குழந்தையின் எடையில் அச்சன்னலருகே நின்றுகொண்டிருந்தது.

தம்பியை உள்ளே விட்டால் அவள் பள்ளிக்குச் செல்லலாமன்றோ என்று அக்காளிடம் வினவினோம். அவர் சினங்கொள்ளவில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சத்துமாவு வீட்டிற்குக் கொடுத்தனுப்பப்படும். நிலையத்தில் இருத்திப் பேணும் ஏற்பாடில்லை. இன்று ஒன்றை ஏற்றால் நாளை ஐந்து வரும். இருபத்திரண்டு பிள்ளைகள், ஓரறை, இரண்டு பெண்கள், அடுத்த அறையில் அடுப்பு. தவழும் குழந்தை அடுப்பண்டை போனால் விடை சொல்பவர் யார்? இவற்றுள் ஒன்றுக்கும் எம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை. விதியை மட்டும் காட்டி வாயடைப்பவராயின் வாதிடலாம். அடுப்பைக் காட்டுபவரிடம் வாதிடுதல் எங்ஙனம்?

இவ்வினா கொல்லிமலைக்கே உரியதன்று. ரோமாபுரியில் 1907-ல் மாண்டிசோரி அம்மையார் தம் முதற் குழந்தையில்லத்தைத் தொடங்கியது, வேலைக்குச் சென்ற பெற்றோரின் பிள்ளைகள் காப்பாரின்றித் திரிந்த ஏழைக் குடியிருப்பிலே. அவர் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்கட்குப் பயிற்சியளித்தபொழுது அவர் முறை புகழ்பெற்றதேயன்றி, அது பிறந்த காரணத்தை நினைத்தோர் குறைவு. அதனை நினைத்தவர், யாம் மேலே குறித்த தாராபாய் மோடக் அம்மையார். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டியிற் கிராமக் குழந்தைக்கல்வி நிலையம் தொடங்கிய அவர், பின்னர்க் கோஸ்பாடு குன்றில் வார்லிப் பழங்குடியினரிடையே பணிசெய்தார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை. தம்பி தங்கையரைச் சுமக்கும் சிறுமியர் பள்ளிக்கு வருதல் அரிதென்று கண்டு, கைக்குழந்தைக் காப்பிடம், குழந்தைப் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். அதற்கு விகாஸ்வாடி என்று பெயர். அக்காள் தாம் சுமந்துவந்த தம்பியை ஒரு கதவிலே விட்டு மறு கதவில் வகுப்புக்குச் செல்வாள். இத்துணை எளிய எண்ணம் நாடெங்கும் பரவாதது எமக்கு வியப்பே. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களிற் குழந்தைக் காப்பிடம் வேண்டுமென விதித்தது. கொல்லிமலையிலோ ஒருவர் காணியில் நாலைந்து பேர் பறிக்கின்றனர்; அச்சட்டம் அவர்களை எங்ஙனம் எட்டும்?

அக்காள் நான்காம் வாரத்தில் தாமாகவே ஒரு வழி கூறினார். யாமிருவரும் இருக்கும்வரை நான்கு கைகள் மிகுதி. சமையற்கட்டுக்கு எதிர்மூலையில் ஆயா தம் பழஞ்சேலையால் ஏணை கட்டினார். சமையற்கட்டின் வாயிலை ஒரு பலகையால் அடைத்தோம். தம்பி முதல் இரண்டு நாளும் பகல்முழுதும் அழுதான். வாயிற்படிப் பாடம் அங்குப் பயன்பட்டது: தமக்கையும் புங்கங்காயோடு அரைமணி நேரம் இருந்து, சொல்லிக்கொண்டே பள்ளிக்குப் போனாள். மூன்றாம் நாள் முதல் அவன் ஏணையில் உறங்கினான். அந்த வாரமே வேறொரு கைக்குழந்தையும் வந்தது. அக்காள் கூறியது நடந்தது.

ஆறாம் வாரத்தின் இறுதியில் தாய்மாரைக் கூட்டிப் பேசினோம். பேசியவர் பெரும்பாலும் அக்காளே. யாம் இறங்கிவிட்டால் நான்கு கைகள் குறையும் என்பதை அவர் மறைக்கவில்லை. தாய்மாருள் ஒருத்தி தன் மாமியாரை அனுப்புவதாகக் கூறினாள். முதுகு வளைந்த அம்மூதாட்டி மறுநாளே வந்து ஏணையருகே அமர்ந்து, வெற்றிலையை மடித்து, எம்மைப் போய்வருமாறு கையசைத்தார். சன்னலில் அன்று யாரும் இல்லை. சிறுமி பள்ளியில் இருந்தாள். காப்பிப் பறிப்பு தை மாதத்தோடு முடியும். அதன்பின் மிளகு தொடங்கும். மூதாட்டி காப்பி முடியும்வரை வருவதாகவே சொல்லியிருக்கிறார்.