எலி வளையானாலும் தனி வளை!

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முதல் தேதி வந்ததும் வீட்டுக்காரரிடம் வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் பால் கணக்கும் பள்ளிக்கூடச் சம்பளமும் பார்க்கிற உங்களுக்கு அந்தப் பழமொழியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அதை அட்சரம் பிசகாமல் நடத்திக் காட்டுகிற ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே ஏறக்குறையப் பாதி ஜனங்கள் நிஜமாகவே வளையில்தான் குடியிருக்கிறார்கள். வீட்டு விலையோ கொள்ளை மலிவு! வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஊரின் பெயர் கூபர் பீடி. நம் ஊர்ப் பீடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பாஷையில் 'கூபா பிட்டி' என்றால் 'வெள்ளைக்காரன் வளை' என்று பொருள் சொல்கிறார்கள். பெயர் எவ்வளவு பொருத்தம், பார்த்தீர்களா?

அடிலெய்ட் நகரிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர் பிரயாணம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்வதற்கே 700 கிலோமீட்டர்தான் என்றால் தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் அடிக்கொரு காப்பி ஹோட்டலும் இளநீர்க் கடையும் கிடையாது. செம்மண், புதர், மறுபடியும் செம்மண். ஊரை நெருங்கும்போது வெள்ளை வெள்ளையாக எண்ணற்ற மண்குவியல்கள் தென்படும். கறையான் புற்று என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் ஓபல் என்ற ரத்தினக் கல்லைத் தேடி மனிதர்கள் தோண்டிப் போட்ட மண்!

1915-ல் தங்கம் தேடி இந்தப் பக்கம் வந்த கோஷ்டியில் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையனும் இருந்தான். அவன் கண்ணில்தான் முதல் ஓபல் பட்டது. அதைக் கேள்விப்பட்டு ஆட்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டுமே? கட்டுவதற்கு மரம் இல்லை. கோடை வெயிலோ 45 டிகிரியைத் தாண்டும். குழிக்குள் இறங்கிப் படுத்தால் ஜிலுஜிலு என்றிருந்தது. முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழிகளில் வாழ்ந்து பழகிய சிப்பாய்கள் இங்கே வந்ததும், குன்றைக் குடைந்து வீடாக்கும் வழக்கம் பரவிவிட்டது.

அந்த வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா? படி இறங்க வேண்டாம். குன்றின் பக்கவாட்டில் வாசல், நேரே உள்ளே நடந்து போகலாம். காற்றும் தண்ணீர்க் குழாயும் வேண்டுமே என்பதற்காகச் சமையலறையையும் குளியலறையையும் பெரும்பாலும் வாசல் பக்கமே வைத்துக்கொள்கிறார்கள். படுக்கையறைகள் உட்புறம். சுவரெல்லாம் செம்மையும் மஞ்சளுமாகக் கோடு ஓடிய பாறை. தூசி உதிராமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு. வெளியே அனல் வீசினாலும், குளிர்கால இரவில் பற்கள் கிடுகிடுத்தாலும், உள்ளே வருஷம் முழுவதும் 23 முதல் 25 டிகிரிதான். மின்விசிறியும் வேண்டாம், ஏ.ஸி.யும் வேண்டாம். அடுத்த வீட்டு ரேடியோவும் காதில் விழாது!

வீட்டைப் பெரிதாக்க வேண்டுமானால் செங்கல்லும் சிமெண்டும் தேவையில்லை. இன்னும் கொஞ்சம் குடைந்தால் சரி. ஃபே நெய்லர் என்ற பெண்மணி, இரண்டு சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு, கடப்பாறையும் மண்வெட்டியுமாகச் சுமார் பத்து வருஷம் உழைத்துத் தன் வீட்டைக் குடைந்தார். உல்லாசப் பிரயாணிகள் தேடிப் போய்ப் பார்க்கும் வீடு அது. "வீட்டைக் கட்டிப் பார்" என்று நம்மவர்கள் சவால் விடுவார்களே, அவர் கட்டாமலே ஜெயித்துவிட்டார்!

இனி விலைக்கு வருவோம். 2023-ல் மூன்று படுக்கையறை வீடு ஒன்று ஏலத்தில் சுமார் 40,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போயிற்று என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 22 லட்சம் ரூபாய். அதே சமயம் அடிலெய்டில் ஒரு வீட்டின் சராசரி விலை சுமார் 7 லட்சம் டாலர். பதினேழில் ஒரு பங்கு! உடனே பெட்டி படுக்கையைக் கட்டலாமா என்று தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். இவ்வளவு மலிவான வீடுகளில் பல, வாங்கியதும் செலவு வைக்கிறவை. அது மட்டுமல்ல.

தண்ணீரைப் பாருங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கே ஏறக்குறைய 150. சுமார் 24 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து கொண்டுவந்து, உப்பை நீக்கித்தான் குடிக்க வேண்டும். வாசலில் ஒரு துளசிச் செடி வைப்பதற்குக்கூட யோசிக்க வேண்டிய ஊர். குழந்தைகள் ஏறி விளையாட, ஒரு காலத்தில் இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்து மரம் செய்தார்களாம்!

காய்கறியும் அரிசியும் தொலைதூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் உண்டு. அதற்குமேல் படிக்கப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப வேண்டும். சின்ன ஆஸ்பத்திரி உண்டு. பெரிய சிகிச்சை என்றால் ஆகாய விமானத்தில் ஏற்றி அடிலெய்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஊருக்கு வெளியே பழைய ஓபல் குழிகள் லட்சக்கணக்கில் வாய் திறந்து கிடக்கின்றன. "ஓடாதீர்கள், பின்னால் நடக்காதீர்கள்" என்று எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கிறார்கள். துறுதுறுவென்று ஓடும் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு மனசு எப்படி இருக்கும்?

இன்னொன்று. ஊரில் மொத்தம் சுமார் 1,500 பேர். சில வருஷங்களாக அந்தத் தொகையும் குறைந்து வருகிறது. மலிவாக வாங்கிய வீட்டை மலிவாகத்தான் விற்க முடியும். அதற்கும் ஆள் வர வேண்டும்.

அப்படியானால் அங்கே இருப்பவர்கள் ஏமாந்தவர்களா? இல்லவே இல்லை. கிரேக்கர், செர்பியர், இத்தாலியர் என்று பல தேசத்தார் ஒரே ஊர்க்காரராகிவிட்டார்கள். பூமிக்கடியில் கோயிலும் குடைந்திருக்கிறார்கள். 2017 முதல் காற்றாலையும் சூரிய ஒளியும் ஊருக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தருகின்றன. கடன் இல்லாத கூரை, வாடகை கேட்க வராத முதல் தேதி, இரவில் வானம் நிறைய நட்சத்திரம். இவை போதும் என்று தெரிந்தே தங்கியவர்கள் அவர்கள்.

நம் பக்கத்திலும் "நகரத்துக்கு வெகு அருகில், நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற மனை" என்று விளம்பரம் வருகிறது. பார்க்கப் போகும்போது விலையை அவர் விசாரிக்கட்டும். நீங்கள் வேறு நாலு கேள்வி கேளுங்கள். கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா? நடுநிசியில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் டாக்டர் வீடு எத்தனை தூரம்? பள்ளிக்கூடத்துக்கு பஸ் உண்டா? நாளைக்கு விற்பதானால் வாங்குவார் யார்? பதில்களையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்புறமும் சரி என்று மனசு சொன்னால், பால் காய்ச்ச நல்ல நாள் பாருங்கள்.