பன்னிரண்டு போல்ட்டுகள்

அமெரிக்காவில் வசிக்கும் நாம், சென்ற வருஷம் நமது பழைய போர்டு எப்-150 பிக்கப் வண்டியின் பின் அச்சிலுள்ள கியர் எண்ணெயை மாற்றத் துணிந்தோம். அச்சு 8.8 அங்குலமென ஊகித்து, பத்துத் துளைக் காஸ்கெட் ஒன்றும் வாங்கினோம். மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தபின் பொருத்திப் பார்த்தால், மூடியில் துளைகள் பன்னிரண்டு! அஃது 9.75 அங்குல அச்சு. கதவுத் தூணில் ஒட்டிய சீட்டிலோ 'எச்9' என்னும் குறி. எழுத்துக் கலந்த அக்குறி லிமிடெட் ஸ்லிப் அச்சுக்குரியது. அதன் எண்ணெயுடன் சேர்க்கவேண்டிய, உராய்வைத் திருத்தும் திரவமும் நம்மிடமில்லை. இரண்டு நாள் பணிக்கு நடந்தே சென்றோம். உப்பின் பெயரை ஊகியாது சோதித்தறியுமாறு இக்கல்லூரியின் ரசாயன சாலையில் கற்றோமன்றோ? வண்டியின் பின்னே மண்டியிட்டு எண்ணியிருப்பின் ஒரு நிமிஷமே ஆகியிருக்கும்.