நீருக்கேற்ற ஆடை

வேங்கிக்கால் ஏரியில்தான் நான் நீந்தக் கற்றேன். அதே ஏரியில்தான் ஒருமுறை உயிர் பிழைத்தேன். நெடுங்காலம் மறந்திருந்த அந்நிகழ்ச்சியை மீண்டும் நினைவூட்டியது, கனடாவில் பணிபுரியும் என் மகனிடமிருந்து ஓர் இரவில் வந்த தொலைபேசி அழைப்பு.

"வாப்பா, அடுத்த வாரம் ஹியூரான் ஏரியில் முக்குளிக்கப் போகிறேன். 1885ஆம் ஆண்டில் மூழ்கிய பாய்மரக் கப்பல் ஒன்று இன்றும் முழு உருவாய் நீரடியில் கிடக்கிறதாம்" என்றான். டோபர்மோரி என்னும் சிற்றூரின் துறையில், ஏறத்தாழ இருபதடி ஆழத்தில் கிடக்கும் 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்னும் மரக்கலமே அது. குளிர்ந்த நன்னீரில் மரத்தைத் துளைக்கும் கடற்புழு வாழ்வதில்லை. ஆதலால் நூறாண்டு கடந்தும் அக்கலம் மக்கிப் போகவில்லை. முதல் நாள் அக்கப்பல், மறுநாள் நூறடி ஆழம் என்பது அவன் திட்டம்.

"என்ன உடை அணிவாய்?" என்று கேட்டேன். அந்தமானில் அணிந்த மூன்று மில்லிமீட்டர் 'வெட்சூட்' கைவசம் இருக்கிறது என்றான். அது குளிருக்குப் போதுமா என்றதற்கு அவன் சிரித்தான். "கீழக்கரையில் நம் முன்னோர் எந்த உடையுமின்றிச் சங்கு குளித்தவர்கள்தாமே, வாப்பா!"

அவ்விடை என்னை உறங்கவிடவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, தை மாதத்து நண்பகல் ஒன்றில், தோழர்களோடு பந்தயம் கட்டி வேங்கிக்கால் ஏரியின் மதகருகே குதித்தேன். மேல்நீர் வெயிலில் இதமாக இருந்தது. கீழே சென்றதும் கால்களைக் குளிர் கவ்வியது. மூச்சு என் வசமில்லை, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மதகு திறந்து மூடும் பெரியவர் ஒருவர் குதித்து என்னைக் கரையேற்றினார். தம் மேல்துண்டை என்மேல் போர்த்தி, "தண்ணி மேல ஒண்ணு பேசும், கீழ ஒண்ணு பேசும், தம்பி" என்றார். நான் கற்ற முதல் நீரியல் பாடம் அதுவே.

மறுநாள் நூல்களைப் புரட்டினேன், அறிந்தவர்களிடம் கேட்டேன். காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது. நன்னீர் 4 பாகை செல்சியசில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. ஆதலால் ஆழமான ஏரிகளில் கோடையில் மேல்நீர் இருபது பாகை காட்டினாலும், அடியில் நான்கைந்து பாகை நீரே தங்கிக் கிடக்கிறது. உறைநிலையை நெருங்கிய நீரில் காப்பின்றி விழுந்தவர்க்கு மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படப் பத்து நிமிடம், நினைவு தப்புவதற்குள் ஒரு மணி நேரம் என்பது மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு.

'வெட்சூட்' உடையை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் இயற்பியலறிஞர் ஹியூ பிராட்னர். உடல் நனையாதிருக்க வேண்டுவதில்லை. நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்களே குளிரைத் தடுக்கும் என்று அவர் கண்டார். ஆனால் அக்குமிழ்களை நீரின் அழுத்தம் நசுக்கும். முப்பத்து மூன்றடி ஆழத்தில் வாயு பாதியாகச் சுருங்கும்; நூறடியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். குளிர் மிகுமிடத்தில் உடை மெலிகிறது!

அன்றிரவு நானே அழைத்தேன். "மகனே, மன்னார் வளைகுடாவின் நீர் வெதுவெதுப்பானது. நம் முன்னோர் ஒரு முழுக்கில் ஏறத்தாழ ஒரு நிமிடமே நீருக்குள் இருந்தார்கள். பின் படகில் வெயில் காய்ந்தார்கள். நீயோ அரைமணி நேரம் குளிருக்குள் கிடக்கப் போகிறாய். அவர்கள் தங்கள் கடலை அறிந்திருந்தார்கள். அந்த அறிவைத்தான் நீ அவர்களிடமிருந்து பெற வேண்டும், வெற்றுடம்பையன்று."

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாடகைக்கு ஏழு மில்லிமீட்டர் உடை கிடைக்கும். செலவு கூடுமே" என்றான். "தலையுறை, கையுறை, காலுறையும் சேர்த்து எடு, பணம் நான் அனுப்புகிறேன். தடித்த உடை உன்னை மேலே தூக்கும். நன்னீரோ கடல்நீரைவிடக் குறைவாகத் தூக்கும். ஆகவே இடுப்பில் கட்டும் ஈய எடையைப் பயிற்சியாளர் முன்னிலையில் சரிபார். நூறடி ஆழத்திற்கு அவ்வுடையும் போதாது. நீர் புகாத 'டிரைசூட்' அணியப் பழகிய பிறகு அங்கே செல்" என்றேன்.

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சுவதை வள்ளுவரும் அறிவின் பக்கமே சேர்க்கிறார். மேடைகளில் நான் பன்முறை எடுத்துரைத்த இவை, என் மகனின் உடையின் தடிமனைப் பற்றியும் பேசுகின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அவன் அக்கப்பலைக் கண்டு திரும்பினான். "முதல் முழுக்கு இனிமையாக இருந்தது, வாப்பா. இரண்டாம் முழுக்கில் உடல் நடுங்கத் தொடங்கியது. தோழனுக்குச் சைகை காட்டி உடனே மேலேறிவிட்டேன். மறுநாள் நூறடிக்குப் போகவில்லை" என்றான். கப்பலைப் பற்றி அவன் சொன்னவற்றுள் பலவும் இன்று நினைவில்லை. மேலேறிவிட்டேன் என்ற அந்த ஒரு சொல் மட்டும் நெஞ்சில் நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

மாணவச் செல்வங்களே! ஏரியில் இறங்குமுன் அதன் மேற்பரப்பை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவரிடம் கேளுங்கள். மதகுக் காவலர் ஒருவரின் துண்டு என்னைக் காத்தது. எல்லா ஏரிக்கரைகளிலும் அத்தகையவர் நின்றிருப்பார் என்று எண்ணியிருக்க முடியாது.