முதலில் ஏணியை ஓரமாக வை

அன்புள்ள தம்பிக்கு,

விடுதியில் மாட்டிய ஆக்சஸ் பாயின்ட் ஒன்றுகூட கன்ட்ரோலரில் வந்து சேரவில்லை, எல்லாவற்றையும் கழற்றி ரீசெட் செய்யப் போகிறேன் என்று ஃபோனில் சொன்னாய். தயவுசெய்து வேண்டாம். விளக்கு எரிகிறது, சுவிட்சிலிருந்து மின்சாரம் போகிறது, ஐபியும் வாங்கியிருக்கிறது என்றால் கோளாறு அநேகமாக அந்தப் பெட்டியில் இல்லை.

புதுப் பெட்டிக்குக் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஐபி கிடைத்ததும் தன் சப்நெட்டுக்குள் பிராட்காஸ்ட் அனுப்பித் தேடும். உங்கள் விடுதி ஒரு விலான், கன்ட்ரோலர் இருக்கும் சர்வர் அறை வேறு விலான். பிராட்காஸ்ட் தானாக ரவுட்டரைத் தாண்டாது. அதனால் முகவரியை நீதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு டிஹெச்சிபி ஆப்ஷன் 43 போதும். உங்களுடையது சிஸ்கோ என்பதால் அதை ஹெக்ஸில் எழுத வேண்டும்: முதலில் எஃப்1, அடுத்து நீளம், பிறகு கன்ட்ரோலரின் ஐபி. 192.168.10.5 என்றால் எஃப்1 04 சி0 ஏ8 0ஏ 05. இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் நீளம் 08 ஆகிவிடும். பலர் இரண்டாவது ஐபியைச் சேர்த்துவிட்டு 04-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். டிஎன்எஸ் வழியாகவும் செய்யலாம், ஆனால் எனக்கு ஆப்ஷன் 43 மேல்தான் நம்பிக்கை. விலான் வாரியாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

அடுத்து ஃபயர்வால். பெட்டியும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் கேப்வாப் நெறிமுறை யுடிபியில் ஓடுவது: கட்டுப்பாட்டுக்கு 5246, டேட்டாவுக்கு 5247. இரண்டையும் திறந்துவிடச் சொல்.

இதற்குப் பிறகும் சேரவில்லை என்றால் கன்ட்ரோலரின் கடிகாரத்தைப் பார். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சான்றிதழைக் காட்டித்தான் ஒன்றையொன்று நம்புகின்றன. தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால், நல்ல சான்றிதழும் இன்னும் நடைமுறைக்கு வராததுபோல் தெரியும். இணைப்பு அங்கேயே அறுந்துவிடும். என்டிபி சர்வரைக் கொடுத்து நேரத்தைச் சரிசெய். பழைய பிளாக்கிலிருந்து கழற்றி வந்த பெட்டிகள் இருந்தால், அவற்றின் சான்றிதழே காலாவதியாகியிருக்கலாம். அதையும் பார். கன்ட்ரோலரில் வைத்திருக்கும் நாட்டுக் குறியீடும் பெட்டியின் மாடலோடு பொருந்த வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதே. கைக்கெட்டும் ஒரு பெட்டியை எடுத்து, கன்சோல் கேபிள் செருகி, என்ன சொல்கிறது என்று படி. தேடிக்கொண்டே இருக்கிறதா, கண்டுபிடித்த பிறகு மறுக்கப்படுகிறதா என்று அந்த வரிகளிலேயே தெரிந்துவிடும். முதல் தடவை சேரும்போது கன்ட்ரோலரிலிருந்து மென்பொருளை இறக்கிக்கொண்டு தானாக ரீபூட் ஆகும். அப்போது பதறிப்போய் கேபிளைப் பிடுங்கிவிடாதே.

தேர்வு நெருங்குகிற நேரத்தில் பிள்ளைகள் நெட் இல்லாமல் திண்டாடுவது உனக்கு எவ்வளவு உறுத்துகிறது என்று உன் குரலிலேயே தெரிந்தது. அந்த அக்கறை எனக்குப் பெருமையாக இருக்கிறது. கன்சோலில் வருவதை அப்படியே நகலெடுத்து அனுப்பு, ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்குள் சாப்பிட்டுவிடு.

அன்புடன்,
அக்கா