ஒப்படைத்த பின்னரும்

மதரஸாவில் ஃபிக்ஹு ஓதும் மாணவர்கள் 'வதீஆ' என்னும் பாடத்தைக் கடந்தே மேலே செல்வர். ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் காவலுக்கு ஒப்படைப்பது பற்றிய பாடம் அது. அமானிதமாகப் பெற்ற பொருள் தானே அழிந்து போனால் காவலர் அதற்குப் பொறுப்பாகார். இரண்டு நிலைகளில்தான் பொறுப்பு அவர் தலைமேல் விழும். ஒன்று தஅத்தீ, வரம்பு மீறிக் கைவைத்தல். மற்றொன்று தஃப்ரீத், செய்ய வேண்டிய காவலைச் செய்யாது விடுதல். முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வரும் நாம் ஆட்டையும் நெல்லையும் வெள்ளிக் காசையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி விளக்குவது வழக்கம். இன்று பெற்ற தாயைக் கொண்டே அதனை விளக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதினர். அல்லது அதனைக் கடந்தோர். பெற்ற மக்களோ வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிழைக்கின்றனர். படுக்கையில் விழுந்த முதியவரைத் தூக்கவும் துடைக்கவும் வீட்டில் ஆளில்லை. ஆகவே மாதக் கட்டணம் பெறும் முதியோர் இல்லங்களை நாடும் குடும்பங்கள் நம்மவரிலும் இருக்கின்றன. அவர்களைக் குறை கூற இதனை எழுதவில்லை. தாய் தந்தையரிடம் சலிப்பின் ஓரசையாகிய 'உஃப்' என்பதும் கூடாதெனத் திருமறையின் பதினேழாம் அத்தியாயம் தடுத்திருப்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அந்தத் தடை நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. நாம் கூலி கொடுத்து அமர்த்திய கைகள் அவர்களை எப்படித் தொடுகின்றன என்று பார்ப்பதும் நம் பொறுப்பே.

நம் தாயாரின் மூத்த சகோதரியார்க்கு அப்போது எண்பத்திரண்டு வயது. பக்கவாதத்தால் வலப்புறம் செயலற்றிருந்தது. ஆண்மக்கள் இருவரும் துபாயில். ஒரே மகள், நமக்குத் தங்கை முறையினர், நோயாளியான மாமியாரை வைத்துக்கொண்டு தவித்தவர். மக்கள் மூவரும் கலந்து பேசி, நகரத்தின் புறத்தே இருந்த ஓர் இல்லத்தில் பெரியம்மாவைச் சேர்த்தனர். முன்பணம் 50,000 ரூபாய், மாதம் 25,000. இரவும் பகலும் செவிலியர் உண்டு, வாரம் ஒருமுறை மருத்துவர் வருவார், தொழுகைக்கு உதவி செய்வோம் என்றெல்லாம் சொன்னார்கள். எல்லாம் வாய்ச்சொல். தாளில் இருந்தது கட்டணம் மட்டுமே.

நான்காம் மாதம் நாமும் தங்கையும் சொல்லாமற்கொள்ளாமல் போயிருந்தோம். பணிப்பெண் கட்டிலருகே நின்றவரை பெரியம்மா, "நல்லா இருக்கேன் வாப்பா" என்றார்கள். அவள் வெளியே போனதும், "தாகமா இருக்கு" என்றார்கள். தண்ணீர்ச் செம்பு வலப்பக்கத்து மேசையில் இருந்தது, செயலற்றுப் போன கையின் பக்கத்தில். உதடு வெடித்திருந்தது. மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கைவரை நழுவிற்று. தயம்மும் செய்வதற்காகத் தங்கை கட்டிக் கொடுத்திருந்த மண் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது. ஒரு வக்தும் தவறவிடாத அவர்கள், இது எந்த வக்து என்று நம்மைக் கேட்டார்கள். இடக்கை மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த கோடு. கேட்டதற்கு, இரவில் போர்வையை உதறுகிறார், அதனால் துணியால் கட்டினோம் என்று மறைக்காமலே சொன்னார்கள். தங்கை தாயைப் புரட்டிப் பார்த்தார். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்; துணி அதில் ஒட்டியிருந்தது. "வயசானவங்களுக்கு இது சகஜங்க" என்றாள் பணிப்பெண்.

படுக்கைப்புண் முதுமையின் இயல்பன்று. எலும்பு துருத்தும் இடங்களாகிய இடுப்பின் பின்புறம், குதிகால், தொடைப்பக்கம் ஆகியவை படுக்கையில் அழுந்திக் கிடக்கும்போது அங்கே குருதியோட்டம் தடைப்படுகிறது. முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மாறாது. பிறகு தோல் பிரியும், பிறகு தசை அழியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், ஈரமின்றித் துடைப்பதும், போதிய உணவும் நீரும் தருவதும் பெரும்பாலும் இதனைத் தடுத்துவிடும். அத்தனை அகலமான புண், பல நாள் யாரும் புரட்டிப் பார்க்காததன் சான்று.

அங்கு நாம் கண்ட மற்றவையும் அத்தகைய சான்றுகளே. நாவறட்சி, நிறம் கறுத்த சிறுநீர், திடீரென்று தோன்றும் மனக்குழப்பம் ஆகியவை நீர் தரப்படாமையைக் காட்டலாம். மேற்கையில் விரல் பதிந்தாற்போன்ற கன்றல், மணிக்கட்டைச் சுற்றிய தழும்பு ஆகியவை கைவைத்தலைக் காட்டலாம். பகலெல்லாம் எழுப்ப முடியாத உறக்கமிருந்தால், என்ன மருந்து கொடுக்கப்படுகிறது, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்க வேண்டும். பணியாளர் முன்னே ஒரு பேச்சும் தனிமையில் வேறு பேச்சும் இருந்தால், தனிமைப் பேச்சுக்கே செவி கொடுக்க வேண்டும். பெருவிரலில் மை ஒட்டியிருந்தால் எந்தத் தாளில் பதித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். அதே வேளையில் நீதியும் வேண்டும். முதியோரின் தோல் மெல்லியது; குருதி உறையாமலிருக்க மருந்துண்போர்க்குச் சிறிது இடித்தாலும் கன்றிப் போகும். ஆதலால் ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு யார்மீதும் பழி சுமத்தலாகாது. பலவும் சேர்ந்து நிற்கையில், விளக்கம் வேளைக்கு வேளை மாறுகையில், ஐயம் உறுதியாகிறது.

அன்று தங்கை செய்த வரிசையைச் சொல்வது பயன் தரும். முதலில் புண்ணையும் மணிக்கட்டையும் தண்ணீர்ச் செம்பு இருந்த இடத்தையும் படமெடுத்தார். நாளும் நேரமும், யார் என்ன சொன்னார் என்பதும் ஒரு தாளில் எழுதினார். பிறகு 108 வண்டியை அழைத்தார். மாதக் கணக்கை முடிக்காமல் அனுப்ப இயலாது என்று மேலாளர் தடுத்தார். உடையவர் கேட்டதும் அமானிதத்தைத் திருப்பித் தராமல் மறுப்பதும் வரம்பு மீறலே என்பது நாம் ஓதிய பாடம். தங்கை வாதாடவில்லை, காவல்துறைக்குத் தொலைபேசி செய்தார். அரை மணியில் கதவு திறந்தது. அரசு மருத்துவமனை மருத்துவர் புண்ணின் அளவையும் நீரிழப்பையும் கட்டுத்தழும்பையும் பதிவு செய்தார். அந்தத் தாள்தான் பின்னாளில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

வழக்கு என்ற சொல் எழுந்ததும் வீட்டில் பிளவு உண்டாயிற்று. துபாயிலிருந்து மூத்த காக்கா, "உம்மா உயிரோட வந்துட்டாங்கள்ல, விடுங்க. ஊருக்குத் தெரிஞ்சா நம்மளைத்தான் காறித் துப்புவாங்க" என்றார். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் ஸப்ரு செய்யச் சொன்னார். நாம் அவர்க்குப் பணிவோடு சொன்னது இதுதான்: ஸப்ரு, துன்பம் அடைந்தவருடைய அணிகலன், பெரியம்மா நான்கு மாதம் அதனை அணிந்திருந்தார்கள். அருகில் நின்று பார்த்தவர் வாய் மூடியிருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கண்டதை மறைக்காமல் சாட்சி சொல்வது அவர்மேல் கடமை. தங்கையோ இவ்வளவு நீளமாகப் பேசவில்லை. "அந்த அறையில இன்னும் அஞ்சு கட்டில் இருக்கு, காக்கா" என்றார். அதன் பிறகு மூத்தவர் மறுப்புச் சொல்லவில்லை.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் பல. அவற்றைப் பிரித்தறியாமல் ஒரே வாசலில் முட்டி மோதித் திரும்புவோர் மிகுதி. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பலர் கேள்விப்பட்டதே. அதன்படி அமைந்த தீர்ப்பாயம், தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் நடப்பது, முதன்மையாகப் பெற்ற மக்களும் வாரிசுகளும் செய்யத் தவறியதைக் கேட்பதற்குரியது. மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை வழங்க அது ஆணையிடலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அது நிறைவேறாதபோது செல்லாதென அறிவிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. முதியவரைக் காக்கும் பொறுப்பிலுள்ளவர் அவரை அடியோடு கைவிடும் கருத்தில் ஓரிடத்தில் விட்டுச் செல்வது, மூன்று மாதம்வரை சிறைக்கோ 5,000 ரூபாய்வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

கட்டணம் வாங்கிய இல்லத்தின் குறைபாட்டுக்கு வேறு வாசல். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விலை கொடுத்துப் பெற்ற சேவையின் குறைபாட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். வழக்கறிஞர் இன்றியும் வாதாடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாவிடின் மனுவுக்குக் கட்டணமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

அடித்தலும் கட்டி வைத்தலும் குற்றவியலைச் சேர்ந்தவை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 115ஆம் பிரிவு காயப்படுத்தலையும், 127ஆம் பிரிவு முறைகேடாக அடைத்து வைத்தலையும் தண்டிக்கின்றன. அதே சட்டத்தின் 357ஆம் பிரிவை நம் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தம்மைத் தாமே பேண இயலாத ஒருவரைக் கவனிப்பதாகச் சட்டப்படி ஒப்பந்தம் செய்தவர், வேண்டுமென்றே அதனைச் செய்யாமல் விடுவது அங்கே குற்றம். 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலும் 491ஆம் பிரிவாக இது இருந்தது. தஅத்தீயும் தஃப்ரீதும் நம் கிதாபுகளில் மட்டும் வாழும் சொற்கள் அல்ல என்று இதைப் படித்தபோது உணர்ந்தோம்.

எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலரிடமோ, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுத்து, இல்லத்தைப் பார்வையிடக் கோரலாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள். எங்கே போனாலும் மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் முத்திரையும் வாங்கி வைக்க வேண்டும்.

தங்கை ஆட்சியரிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் மனுச் செய்தார். அதிகாரிகள் இல்லத்தைப் பார்வையிட்டனர். மேலும் இரு குடும்பத்தார் தம் பெரியோரை அழைத்துப் போயினர். பெரியம்மா மகளுடைய வீட்டில் ஏழு மாதம் இருந்து, புண் ஆறிய நிலையில் மௌத்தானார்கள். மனுதாரர் இறந்தால் வழக்கு மடிந்துவிடும் என்று இல்லத்தார் எண்ணியிருக்கக் கூடும். சட்டப்படியான வாரிசு அதனைத் தொடரலாம் என்பதால் தங்கை தொடர்ந்தார். ஒன்றரை ஆண்டுக்குப் பின், செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதியும் மருத்துவச் செலவும் இழப்பீடாகச் சிறிதொரு தொகையும் தரும்படி ஆணையம் பணித்தது. தொகை பெரிதன்று. "வயசானவங்களுக்கு இது சகஜம்" என்ற விடையை ஆணையம் ஏற்கவில்லை என்பதே தங்கைக்குப் பெரிதாக இருந்தது.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மாணவர்களைக் கேட்போம். சுவர்க்கத்தையோ நரகத்தையோ பற்றியது என்று சிலர் சொல்வர். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது அது. அல்பகராவின் 282ஆம் வசனம். சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டுமெனில் தாயை ஒப்படைக்கும்போது வேண்டாமா? எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், இரவில் யார் இருப்பார், எத்தனை முறை புரட்டுவார், எந்த மருத்துவர் வருவார், முன்னறிவிப்பின்றி நாம் வந்து பார்க்கலாமா, வேண்டாமென்றால் எத்தனை நாளில் முன்பணம் திரும்பும் என்பவற்றை எழுதி வாங்க வேண்டும். நிறையை மாதந்தோறும் குறிக்கச் சொல்ல வேண்டும். அயல்நாட்டிலுள்ள மக்கள், ஊரிலுள்ள ஓர் உறவினரைப் பெயர் குறித்து அமர்த்தி, பார்க்கவும் கேட்கவும் அவர்க்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும். அண்மையிலுள்ள இல்லங்களில் நம்மவர் யார் யார் இருக்கிறார்கள் என்று ஜமாஅத்துகள் ஒரு பட்டியல் வைத்து, மாதம் ஒருமுறை இருவர் சென்று வர ஏற்பாடு செய்வதும் கைக்கெட்டாத காரியமன்று.

செல்வோர் பழத்தோடு போய்க் கட்டிலருகே ஐந்து நிமிடம் நின்று ஸலாம் சொல்லித் திரும்பிவிட வேண்டா. பணியாளரை வெளியே அனுப்பிவிட்டு அமருங்கள். தண்ணீர் கைக்கெட்டுகிறதா என்று பாருங்கள். அவர்களுடைய அனுமதியோடு போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். நம்மை வளர்த்தவர்களின் அமானிதத்தைக் குறைவின்றி நிறைவேற்றும் பேற்றை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.