டெர்ஃபெனடினின் வால்

திங்கள், இரவு

டெர்ஃபெனடின் என்ற மருந்தின் மூலக்கூறை இன்று நோட்டில் பெரிதாக வரைந்தேன். நடுவில் நைட்ரஜன் இருக்கும் ஆறு அணு வளையம். ஒரு பக்கம் இரண்டு பென்சீன் வளையங்கள். மறுபக்கம் நீண்ட சங்கிலி, அதன் கோடியில் இன்னொரு பென்சீன், அதற்கும் அப்பால் மூன்று மெத்தில்களைச் சுமக்கும் ஒரு கார்பன். அதை வால் என்றே அழைக்கிறேன்.

கல்லீரலில் இருக்கும் சைட்டோகுரோம் பி450 நொதி இதில் எங்கே கைவைக்கும்? படத்தை வைத்தே சொல்ல வேண்டும். அந்த நொதியின் நடுவே ஹீம் இரும்பு இருக்கிறது. இரும்போடு ஒட்டிய ஆக்சிஜன் எதிரே வரும் கார்பனின் ஹைட்ரஜனைப் பறித்து, பின் அந்தக் கார்பனிலேயே ஹைட்ராக்சியாக உட்கார்ந்துவிடும். எந்த ஹைட்ரஜன் சுலபமாகக் கழலும் என்று கணக்கிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். 2010-ல் வந்த ஸ்மார்ட்சிப் என்ற நிரலும் இந்த வழியில்தான் போகிறது. சிறு துண்டுகளுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட ஆற்றலோடு, அணு மூலக்கூறின் ஓரத்தில் இருக்கிறதா என்பதையும் அது பார்க்கிறது. இதையே கணிக்க நான் எழுதிவரும் நிரலில் இப்போதைக்கு ஆற்றல் மட்டும்தான்.

செவ்வாய்

என் நிரல் தந்த பட்டியலில் நைட்ரஜனை ஒட்டிய கார்பன்கள் முதலில் வந்தன. வால் அடியில் கிடக்கிறது. மெத்தில் ஹைட்ரஜன் கெட்டியானது, கணக்கில் பிழை இல்லை. ஆனால் உடலில் பி450 வகையைச் சேர்ந்த 3ஏ4 நொதி அந்த வாலைத்தான் ஆல்கஹாலாக்குகிறது. அது மேலும் ஆக்சிஜனேற்றமாகி அமிலமாகிறது. அந்த அமிலம்தான் ஃபெக்சோஃபெனடின்.

வியாழன்

முழுத் தோல்வி இல்லை. நைட்ரஜன் பக்கமும் அதே நொதி வெட்டுகிறது, அசாசைக்லோனால் என்ற துண்டு பிரிகிறது. 3ஏ4-இன் குழி பெரியது, நெகிழ்வானது. அதற்குள் மூலக்கூறு ஒரே மாதிரிப் படுப்பதில்லை. வால் இரும்பை நோக்கிப் படுத்தால் ஒரு விளைபொருள், நடுப்பகுதி நோக்கினால் வேறொன்று. கெட்டியான பிணைப்பும் இரும்புக்கு நேரே வந்துவிட்டால் உடையும். குழியைப் பார்க்காமல் பிணைப்பை மட்டும் எண்ணியது என் தவறு.

ஞாயிறு, அதிகாலை

தூக்கம் வரவில்லை. என் நிரலின் தவறு வெறும் மதிப்பெண் விஷயமில்லை. தும்மலுக்கான, தூக்கம் வரவைக்காத மாத்திரை என்று 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. குடலிலும் கல்லீரலிலும் நொதி ஏறக்குறைய முழுவதையும் மாற்றிவிடும். இரத்தத்தில் உலவுவது அமிலம்தான். கூடவே கீட்டோகோனசோல், எரித்ரோமைசின் போன்ற வேறு மருந்து சாப்பிட்டவர்களுக்கு நொதி முடங்கியது. மாறாத டெர்ஃபெனடின் சேர்ந்து, இதயத்தின் பொட்டாசியம் வாய்க்கால்களை அடைத்தது. துடிப்பு தாளம் தப்பிச் சிலர் இறந்தார்கள். 1998-ல் அங்கே விற்பனை நின்றது. இதயத்தை அப்படித் தாக்காத ஃபெக்சோஃபெனடின் 1996-லேயே தனி மருந்தாக அனுமதி பெற்றிருந்தது. வால் எப்படி மாறும் என்ற கேள்விக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

ஞாயிறு, மாலை

கீட்டோகோனசோலை வரைந்தேன். அதன் இமிடசோல் நைட்ரஜன் நேராக இரும்பையே பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் வந்து ஒட்ட இடமிருக்காது. ஹைட்ரஜன்களை மட்டும் எண்ணும் என் நிரலுக்கு இது கண்ணில் படாது. இரும்பைப் பிடிக்கக்கூடிய நைட்ரஜன்களுக்கென்று தனிப் பத்தி ஒன்று தொடங்கிவிட்டேன்.